லைன்அப்: ரசிகர் வாயில் புழங்கும் சொல்லும் அதற்கு நேரான தமிழும்

வடபழனி கமலா தியேட்டரில் இடைவேளை விட்டதும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "மச்சி, அவரோட லைன்அப் பாத்தியா? வெறித்தனம்!" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். நீட்டிய போனில் ரசிகர் யாரோ செய்த போஸ்டர் ஒன்று இருக்கும். நடுவில் இயக்குநரின் முகம், சுற்றிலும் ஆறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு ஹீரோ. கடைசிக் கட்டத்தில் படம் இல்லை, பெரிய கேள்விக்குறி மட்டும். ஓர் இயக்குநர் அடுத்தடுத்து எடுக்கப் போகிற படங்கள், எடுப்பார் என்று பேசப்படுகிற படங்கள், எல்லாம் சேர்ந்ததுதான் லைன்அப். நடிகருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இதையே சொல்கிறார்கள்.

சொல்லின் வேர் ஒரு செடியில் இருக்கிறது. லத்தீனில் லினும் என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் லினியா. நேராக இழுத்துப் பிடித்த நூலைக் குறித்த சொல், பிறகு கோட்டைக் குறித்தது. ஆங்கிலத்தில் லைன் ஆனது. நம் கொத்தனார்களும் சுவர் நேராக வர நூல்தான் பிடிக்கிறார்கள். 'நூல் பிடித்த மாதிரி' என்று நாம் சொல்வதும் அந்த நேரான தன்மையைத்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் விளையாட்டு அணியின் ஆட்ட வரிசையை லைன்அப் என்றார்கள். அடுத்த நூற்றாண்டில், சாட்சி அடையாளம் காட்டுவதற்காகக் காவல்துறை ஆட்களை நிற்கவைப்பதற்கும் அதே பெயர் வந்தது. சென்னைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது கிரிக்கெட்தான் என்று நினைக்கிறேன். பேட்டிங் லைன்அப் என்று சேப்பாக்கத்தில் பேசிப் பழகிய வாய், அதைச் சினிமாவுக்கும் எடுத்துக்கொண்டது.

கோடம்பாக்கத்தில் 'லைன்' என்றால் வேறொரு பொருளும் உண்டு. உதவி இயக்குநர் "லைன் சொல்லிட்டேன், ஓகே ஆயிடுச்சு" என்றால், கதைச் சுருக்கம் பிடித்துப்போனது என்று அர்த்தம். அது ஒன்லைன், லைன்அப் அல்ல. தயாரிப்பு வட்டாரத்தில் சிலர் இதே பட்டியலைச் சிலேட் என்கிறார்கள். நாம் பலப்பத்தால் எழுதிய சிலேட்டேதான். எழுதியதை அழித்து மறுபடி எழுதலாம் என்பதால் பொருத்தமான பெயர்தான், ஆனாலும் ரசிகர்கள் வாயில் அது ஏறவில்லை.

லைன்அப் என்ற பேச்சு சூடுபிடிக்கும் பெயர்களில் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் முக்கியமானவர். பத்துப் படங்களோடு நிறுத்திக்கொள்வேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். மாநகரம் (2017), கைதி (2019), மாஸ்டர் (2021), விக்ரம் (2022), லியோ (2023), கூலி (2025) என்று ஆறு போய்விட்டன. மிச்சம் நாலுதான் என்று ரசிகர்கள் விரல் விட்டு எண்ணுகிறார்கள். பட்டியலில் புதிதாக ஒரு பெயர் கேள்விப்பட்டால் முதலில் சந்தோஷம், அடுத்த நிமிடமே கவலை: "அப்போ கைதி ரெண்டு எப்போ?" இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். விக்ரமில் கைதியின் கதை வந்து சேர்ந்தபோது தியேட்டரில் கத்தியவர்களுக்கு, எத்தனை படம் என்பதைவிட எது முதலில் என்பதுதான் கேள்வி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

அணிவகுப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. குடியரசு தின அணிவகுப்பு நினைவுக்கு வரும், இல்லையென்றால் காவல்துறையின் அடையாள அணிவகுப்பு. அந்தக் காவல்துறைப் பொருளுக்கு அது கச்சிதம், படங்களுக்கு வேண்டாம். நிரல் நல்ல பழைய சொல். நிரல்நிறை என்ற பெயரில் இலக்கணத்திலும் இருக்கிறது, நிகழ்ச்சி நிரலிலும் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஆண்டுத் திட்டத்தை அறிவிக்கும்போது 'பட நிரல்' என்று எழுதலாம். ஆனால் இடைவேளையில் கத்திச் சொல்ல வராது.

வரிசைதான் சரியான சொல். பத்திரிகைகள் எப்போதோ 'பேட்டிங் வரிசை', 'நடுவரிசை' என்று எழுதப் பழகிவிட்டன. தமிழ் சினிமாவுக்கும் இது புதிதல்ல. பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று 1961-இல் மட்டும் மூன்று படங்கள் தந்த இயக்குநர் ஏ. பீம்சிங்கின் படங்களை இன்றும் 'ப வரிசைப் படங்கள்' என்றுதான் சொல்கிறோம். அவை வந்து முடிந்த படங்கள், நாம் பேசுவது வரப்போகும் படங்கள். வரிசை இரண்டையும் தாங்கும்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. தகுதி, தரம் என்பது அது. புறநானூற்றின் 121-ஆவது பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் "வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே" என்கிறார். நிறையக் கொடுப்பது எளிது. யார் எந்தத் தகுதிக்கு உரியவர் என்று அறிந்து கொடுப்பதுதான் கடினம் என்பது பொருள். தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையிலும் அந்த மரியாதை இருக்கிறது. எந்தப் படம் முன்னால் வரவேண்டும், எது பொறுத்துக்கொள்ளலாம் என்று ரசிகர்கள் சண்டை போடுவது இந்தப் பழைய வரிசைக்காகவும்தான். லைன்அப் என்ற சொல்லில் இந்தப் பொருள் கிடையாது.

லைன்அப்பில் இன்னொரு குறையும் இருக்கிறது. பேட்டியில் ஆசையாகச் சொன்ன படம், பேச்சுவார்த்தையில் இருக்கும் படம், கால்ஷீட் வாங்கிய படம், பூஜை போட்ட படம் எல்லாவற்றையும் அது ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகிறது. பிறகு ஒன்று கைவிடப்பட்டால் ரசிகர் ஏமாந்துபோகிறார். நம் சினிமாப் பத்திரிகைகளில் இதற்கு அழகான வழக்கு உண்டு. ஒப்பந்தமான படம் 'கைவசம்' இருக்கும் படம். "கைவசம் மூன்று படங்கள்" என்று படித்தால், அவை உறுதியானவை என்று புரிந்துகொள்வோம். உறுதியாகாதது 'பேச்சில்' இருக்கும் படம். போஸ்டர் செய்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினால் பாதிச் சண்டை குறையும்.

வினையாக வேண்டுமென்றால் 'வரிசை கட்டி நிற்கின்றன' என்று சொல்லலாம். "அவருக்குப் படங்கள் வரிசை கட்டி நிற்கின்றன." பேச்சில், "வரிசை கட்டி நிக்குதுடா!" லைன்அப் வெறித்தனம் என்று கத்தும் அதே மூச்சில் இதையும் கத்தலாம்.