ஓடிக்கொண்டே தரவைத் தவறவிடும் ரிசீவர்கள்

ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாலைகளிலிருந்து நொடிக்கு நொடி வரும் அளவீடுகளை ஸ்பார்க் ஸ்ட்ரீமிங் (தொடர்ந்து வரும் தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து செயலாக்கும் மென்பொருள்) வழியாகச் செயலாக்கித் தரும்படி நாகர்கோவிலில் உள்ள எங்களைப் போன்றோரை அணுகுபவர்கள், பெரும்பாலும் கணக்கீட்டைப் பற்றியும் திரையில் தெரிய வேண்டிய வரைபடத்தைப் பற்றியும் விரிவாகப் பேசுவார்கள். கருவியிலிருந்து தரவை வாங்கும் ரிசீவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கோப்பு, சாக்கெட் (வலையமைப்பு இணைப்பு முனை), காஃப்கா (செய்திகளைத் தேக்கி வைத்து வழங்கும் அமைப்பு) ஆகியவற்றுக்கு ஆயத்த வழிகள் இருக்க, கருவி தனக்கென ஒரு நெறிமுறையில் பேசும்போது ரிசீவரை நாமே எழுத வேண்டியிருக்கிறது. தரவு சத்தமில்லாமல் காணாமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எழுதுவது கடினமன்று. ரிசீவர் என்னும் வகுப்பை நீட்டித்து, ஆன்ஸ்டார்ட், ஆன்ஸ்டாப் என்ற இரண்டு செயல்முறைகளை நிரப்பினால் போதும். ஆன்ஸ்டார்ட் உடனே திரும்பிவிட வேண்டும். வாசிக்கும் வேலையைத் தனி த்ரெட்டில்தான் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளையில்) வைக்க வேண்டும். ரிசீவர் சீரியலைஸ் செய்யப்பட்டு (பைட்டுகளாக மாற்றப்பட்டு), வேலையைச் செய்யும் நிரலான எக்ஸிகியூட்டருக்கு அனுப்பப்படுவதால், இணைப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் (பொருளை உருவாக்கும் பகுதியில்) திறக்கக் கூடாது. ஒவ்வொரு ரிசீவரும் செயலியின் ஓர் உட்கருவை (கோர்) முழுநேரமும் பிடித்துக்கொள்ளும் என்பதால், சோதனைக்காக லோக்கல் முறையில் ஒரே த்ரெட்டைக் கொடுத்து ஓட்டினால் தரவு வந்து குவியுமே தவிரச் செயலாக்கம் நடக்காது.

இவையெல்லாம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும் பிழைகள். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று வலுத்து, மொபைல் இணைப்பு விட்டு விட்டு வரும்போது வெளிப்படுபவை வேறு வகை. இணைப்பு முறையாக மூடப்பட்டால், வரியை வாசிக்கும் செயல்முறை வெற்று மதிப்பைத் திருப்பும். நாமும் ரீஸ்டார்ட்டை அழைத்துவிடலாம், ஸ்பார்க் இயல்பாக 2 நொடி இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கும். ஆனால் எதிர்முனையில் உள்ள மோடம் திடீரென மின்சாரம் இழந்தால், இணைப்பு முடிந்துவிட்டது என்ற செய்தியே நமக்கு வராது. நேர வரம்பு வைக்காத சாக்கெட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். எந்தப் பிழையும் பதிவாகாது. கண்காணிப்புத் திரையில் ரிசீவர் இயங்குவதாகவே காட்டும். காற்றாலையின் உற்பத்தி மட்டும் பூஜ்யமாகத் தெரியும். அப்படியொரு நிறுவலில், காற்றாலை பழுதாகிவிட்டது என்று நினைத்து ஆள் அனுப்பிய பிறகே குறை ரிசீவரில் இருப்பது தெரிய வந்தது. சாக்கெட்டுக்கு வாசிப்பு நேர வரம்பை அமைப்பதும், ஆன்ஸ்டாப்பில் சாக்கெட்டை மூடி, காத்திருக்கும் த்ரெட்டை விடுவிப்பதும் இரண்டொரு வரி வேலைதான்.

இதைவிட நுட்பமானது, வாங்கிய தரவை ஸ்பார்க்கிடம் ஒப்படைக்கும் ஸ்டோர் செயல்முறை. ஒரு பதிவை மட்டும் கொடுத்து அதை அழைத்தால், ஸ்பார்க் அதை நினைவகத்தில் திரட்டி, இயல்பாக 200 மில்லிநொடிக்கு ஒருமுறை தொகுதியாக்கிச் சேமிக்கிறது. அதற்கு முன்பே அழைப்பு திரும்பிவிடும். பதிவுகளின் தொகுப்பைக் கொடுத்து அழைத்தாலோ, கேட்ட நகல்கள் உட்படச் சேமித்து முடித்த பிறகே திரும்பும். அனுப்புநருக்கு ஒப்புகை (பெற்றுக்கொண்டோம் என்ற பதில்) தரும் தகுதி இந்த இரண்டாவது வகைக்குத்தான் உண்டு. முதல் வகையை நம்பி ஒப்புகை கொடுப்பது, நெல்லைக் களஞ்சியத்தில் கொட்டும் முன்பே ரசீதில் கையெழுத்திடுவது போன்றது.

கருவிகள் செய்தி அனுப்பப் பயன்படும் எளிய நெறிமுறையான எம்க்யூடிடியைப் பயன்படுத்துவோர் இங்கே குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அதற்கான பாஹோ ஜாவா நூலகம், செய்தி வந்ததும் அழைக்கும் நம்முடைய செயல்முறை பிழையின்றித் திரும்பினாலே இயல்பாக ஒப்புகையை அனுப்பிவிடும். அதனுள் ஒற்றைப் பதிவு ஸ்டோரை அழைத்துவிட்டுத் திரும்பினால், தரவு தொகுதியாகும் முன்பே எக்ஸிகியூட்டர் விழுந்த நிலையில், புரோக்கரும் (செய்திகளை இடைநின்று வழங்கும் சர்வர்) அதை மறந்திருக்கும். ஒவ்வொரு செய்தியையும் தொகுப்பாக்கிச் சேமித்தால் வேகம் குறையும். ஆகவே சிறு கட்டுகளாகத் திரட்டி, சேமித்த பின் ஒப்புகையை நாமே அனுப்புவது நல்லது. குறைந்தது க்யூஓஎஸ் 1 (ஒருமுறையாவது வந்து சேரும் என்ற உறுதி நிலை), நிலைத்த அமர்வு, மாறாத கிளையண்ட் அடையாளம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் விடுபட்ட செய்திகள் மீண்டும் வரும். அதே அடையாளத்தை இரண்டு ரிசீவர்களுக்குக் கொடுத்தால், புரோக்கர் முன்னதைத் துண்டித்துப் பின்னதை ஏற்கும்; இரண்டும் ஒன்றையொன்று வெளியேற்றிக்கொண்டே இருப்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், நம்முடைய சர்வரில் நடக்காத வரை.

இவ்வளவு செய்தும் டிரைவர் (எக்ஸிகியூட்டர்களை வழிநடத்தும் தலைமை நிரல்) விழுந்தால் காப்பதற்கு, வந்த தரவை முதலில் வட்டில் எழுதிவைக்கும், ஸ்பார்க் 1.2 பதிப்பில் வந்த முன்னெழுது பதிவேட்டை இயக்கியாக வேண்டும். மறுபடி வரும் செய்திகளால் இரட்டைப் பதிவுகளும் வரும். காற்றாலை எண்ணையும் கருவியின் நேரத்தையும் சேர்த்துத் திறவுகோலாக்கி அவற்றைக் களையலாம். தொகுப்பு ஸ்டோரில் வேகக் கட்டுப்பாடு நம்முடைய பொறுப்பு என்பதையும், இணைப்பு திரும்பியதும் தேங்கிய தரவு மொத்தமாக வந்து விழும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை, ரிசீவரே எழுதாமலிருப்பது. இந்த ரிசீவர்கள் சார்ந்திருக்கும் டிஸ்ட்ரீம் முறையை ஸ்பார்க் 3.4 பதிப்பிலேயே கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கருவிக்கும் ஸ்பார்க்குக்கும் இடையே காஃப்காவை நிறுத்தி, ஸ்பார்க்கின் புதிய முறையான ஸ்ட்ரக்சர்டு ஸ்ட்ரீமிங்கில் வாசிப்பதே இப்போது ஏற்ற வழி. அப்போதும் கருவியிலிருந்து காஃப்காவுக்குக் கொண்டுசேர்க்கும் சிறு நிரலில், முதலில் சேமிப்பு, பிறகே ஒப்புகை என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். பழைய ரிசீவர்களை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், காற்றுக் காலம் தொடங்கும் முன் சித்திரையிலேயே, தரவு வந்துகொண்டிருக்கும்போது எக்ஸிகியூட்டரை ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்தி, மோடத்தின் மின்சாரத்தையும் ஒருமுறை பிடுங்கி, கருவியின் உள்நினைவகத்தில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.