இறங்கும் முன் போடும் கோடு

ஒரு புரோகிராம் நாள் முழுக்க 200 எம்பி மெமரியில் அமைதியாக ஓடுகிறது. பெரிய படம் ஒன்றைத் திறக்கும்போது மட்டும் அரை நொடிக்கு 900 எம்பி வரை ஏறி, இறங்கிவிடுகிறது. 1 ஜிபி ரேம் உள்ள சிறிய சர்வரில் அந்த அரை நொடிதான் ஆபத்து. இடமே இல்லாமல் போனால், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுதான் மெமரியை மீட்கும். நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் கருவியின் கண்ணில் அந்த ஏற்றம் படாமலே போகலாம். அதனால் உச்சத்தைக் கெர்னலே குறித்து வைக்கிறது.

வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் கறை நிற்குமே, அதுதான் இதற்குப் பெயர்: ஹை வாட்டர் மார்க். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் கெர்னல் காட்டும் 'ஸ்டேட்டஸ்' கோப்பில், விஎம்எச்டபிள்யூஎம் என்ற வரியில் இந்த எண்ணைப் பார்க்கலாம். அதே கோப்பில் விஎம்பீக் என்றும் ஒரு வரி உண்டு. அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கேட்டு வாங்கி, தொடாமலே வைத்திருக்கும் இடமும் அதில் சேர்ந்திருக்கும். ரேமில் உண்மையாகவே இருந்த அளவின் உச்சம் விஎம்எச்டபிள்யூஎம் வரியில்தான்.

சரி, உச்சத்தை எப்படிக் குறிப்பது? மெமரி கூடும்போதெல்லாம் பழைய உச்சத்தோடு ஒப்பிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் மெமரி பெரும்பாலும் 'பக்கம்' எனப்படும் 4 கேபி துண்டுகளாக, ஒவ்வொன்றாகத்தான் ஏறுகிறது. 1 ஜிபி நிரம்ப 2,62,144 பக்கங்கள். அத்தனை முறை ஒப்பிட வேண்டும். கெர்னலில் மிக அதிகமாக ஓடும் பாதைகளில் இது ஒன்று. இங்கே கூடுதலாக ஒரு கட்டளை வைத்தாலும் செலவு. சீரான இடைவெளியில் கெர்னலின் டைமர் துடிக்கும்போது மட்டும் பார்க்கலாம் என்று ஒரு காலத்தில் மாற்றினார்கள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வந்துபோன உச்சம் அதில் தப்பியது.

2005-இல் கெர்னலை எழுதுபவர்களில் ஒருவரான ஹியூ டிக்கின்ஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். ஏறும்போது எதுவும் செய்யாதே, இறங்கப் போகும் நொடியில் மட்டும் குறி என்பதுதான் அவர் வழி. எனக்குக் கெர்னலில் மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று. ஏறிக்கொண்டே இருக்கும்வரை இப்போதைய அளவுதான் உச்சம்; அதைத் தனியாக எழுதி வைக்கத் தேவையே இல்லை. இறங்கினால்தான் அது தொலைந்துபோகும். இறக்கமோ பெரும்பாலும் மொத்தமாக வரும்: ஆயிரக்கணக்கான பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே ஒரு ஒப்பீடு போதும்.

ஒரு புரோகிராம் 700 எம்பி போய், இறங்கும் முன் 700 என்று குறிக்கப்பட்டு, 150-க்கு வருகிறது. அப்புறம் 900-க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. இப்போது கேட்டால் குறிப்பில் இருப்பது பழைய 700தான். ஆனால் விடையாக 900 வரும். கேட்கும் நேரத்தில் குறிப்பையும் நடப்பு அளவையும் ஒப்பிட்டுப் பெரியதைத்தான் கெர்னல் சொல்கிறது.

சில புரோகிராம்களைத் தனி அறைபோலப் பிரித்து ஓட்டும் கன்டெய்னர்கள் வந்த பிறகு, புரோகிராம்களின் கூட்டம் ஒன்றுக்கே உச்சம் தேவைப்பட்டது. லினக்ஸ் 5.19-இல், 2022-இல், அப்படிப்பட்ட கூட்டங்களின் மெமரியைக் கணக்கு வைக்கும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்புக்கு, உச்சத்தைக் காட்டும் 'மெமரி.பீக்' கோப்பு வந்தது. அங்கே ஏறும்போதே ஒப்பிடுகிறார்கள். மெமரியைப் பல பக்கங்களாகச் சேர்த்துக் கணக்கில் ஏற்றுவதால் அது கட்டுப்படியாகிறது. பல சிபியூக்கள் ஒரே நேரத்தில் எழுதினால் எண் கொஞ்சம் பிசகலாம். அதைத் தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

ஒரு புரோகிராமின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அளக்க நினைத்தால், அதன் 'ஸ்டேட்டஸ்' கோப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் ரெஃப்ஸ்' கோப்பில் 5 என்று எழுதினால் போதும். பழைய கறை அழிந்து, அந்த நொடியின் அளவிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.