கோபோலிலிருந்து ஜாவாவுக்கு: கம்பைல் ஆனால் போதுமா?

மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியில் ஓடும் கோபோல் மொழி நிரலை ஜாவா மொழிக்கு மாற்றும்போது எர்ரர் காட்டி நிற்கும் வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவற்றை எப்படியும் யாராவது சரிசெய்துவிடுவார்கள். சத்தமில்லாமல் ஓடித் தப்பான தொகையைத் தரும் வரிதான் ஆபத்து.

வட்டி 17.586 என்று வருகிறது. இரண்டு தசம இடமுள்ள புலத்தில் போட்டால், ‘ரவுண்டட்’ என்று எழுதாதவரை கோபோல் மிச்சத்தை வெட்டிவிடும்: 17.58. ஜாவாவில் கைப்பழக்கத்தில் ‘ஹாஃப்_அப்’ (பாதியோ அதற்கு மேலோ இருந்தால் மேலே ஏற்றும் முறை) போட்டால் 17.59. ஒரு பைசாதானே? லட்சம் கணக்குக்கு ஆயிரம் ரூபாய் இடிக்கும். மிச்சத்தை வெட்டும் ‘டவுன்’ போடுங்கள், எப்போதும் சிறிய எண்ணுக்கு இறக்கும் ‘ஃப்ளோர்’ கூடாது, அது −17.586-ஐ −17.59 ஆக்கிவிடும். பணத்துக்கு, தசமத்தைத் தோராயமாக வைக்கும் டபுள் வேண்டவே வேண்டாம், துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல்தான். அதிலும் ‘ஈக்வல்ஸ்’ 2.0, 2.00 இரண்டையும் வேறு வேறு என்று சொல்லும், ‘கம்பேர்டூ’ பயன்படுத்துங்கள்.

இதைவிட மோசமானது ஃபைலை இடம் மாற்றும்போது நடப்பது. எண்ணை நெருக்கி அடைத்து வைக்கும் காம்ப்-3 புலத்தில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 124.05 என்பது ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறையில்) 12 40 5சி, கடைசி ‘சி’ கூட்டல் குறி. இந்த ஃபைலை டெக்ஸ்ட் மோடில் எஃப்டிபி செய்தால் (ஃபைல் அனுப்பும் முறை), மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து மற்றக் கணினிகளின் ஆஸ்கிக்கு எல்லா பைட்டும் எழுத்தாகவே மாற்றப்படும். 40 எப்சிடிக்கில் இடைவெளி, அது 20 ஆகும். 5சி நட்சத்திரக் குறி, அது 2ஏ ஆகும். கையில் கிடைப்பது 12 20 2ஏ. ‘ஏ’-வும் செல்லுபடியாகும் கூட்டல் குறி என்பதால் 122.02 என்று அமைதியாகப் படிக்கப்படலாம். பைனரியில் அனுப்பி, எழுத்துப் புலங்களை மட்டும் ஜாவா பக்கத்தில் மாற்றுவதே வழி.

வரிசையும் மாறும். எப்சிடிக்கில் எழுத்து முன்னே, எண் பின்னே. ஆஸ்கியில் நேர் எதிர். வரிசைப்படுத்திய இரண்டு ஃபைல்களை ஒப்பிட்டு இணைக்கும் நிரல் இதில் பதிவுகளைத் தவறவிடும். கோபோலில் ஒர்க்கிங்-ஸ்டோரேஜ் பகுதியில் அறிவிக்கும் மாறிகள் அடுத்த அழைப்பு வரை மதிப்பைப் பிடித்துவைத்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

சோதனைக்கு ஒரே உள்ளீட்டை இரண்டு நிரலுக்கும் கொடுத்து, வெளியீட்டைப் புலம் புலமாக ஒப்பிடுங்கள். மாத இறுதி, ஆண்டு இறுதித் தரவு கட்டாயம். கழித்தல் தொகைகளும் இருக்கட்டும்.

பழைய நிரலில் பிழை கண்ணில் பட்டாலும் இப்போது கை வைக்காதீர்கள். பிழையோடு அப்படியே மாற்றி, குறித்து வைத்து, ஒப்பீடு முடிந்தபின் தனியாகத் திருத்துங்கள். இல்லாவிட்டால், ஒரு வித்தியாசம் தெரியும்போது அது திருத்தியதால் வந்ததா, மாற்றியதால் வந்ததா என்று பிரித்தறியவே முடியாது.