அல்பரீன்யோவை அதிகம் குளிர வைக்காதீர்கள்

வெள்ளை ஒயின் என்றாலே பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தால் விருந்து மேசைகளில் அதிகம் வீணாவது, உணவகங்களில் ஒயின் பரிமாறும் என் கண்ணில் பட்டவரை, ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவில் அல்பரீன்யோ என்ற திராட்சையில் செய்யும் அதே பெயர் ஒயின்தான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து 4 பாகை செல்சியஸில் எடுத்து நேரே ஊற்றினால் மணம் எழாது. புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கெட்டுப்போன தக்கை தரும் ஈர அட்டை வாடையும் அந்தக் குளிரில் அமுங்கிவிடுவதால், குறையுள்ள புட்டிக்கும் விருந்தினர் முழு விலை கொடுத்துவிட்டுப் போகிறார். பரிமாறுவதற்குக் கால்மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, 8 முதல் 10 பாகைக்குள் ஊற்றினால் போதும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், முதலில் அசைக்காமலும் பிறகு மெல்லச் சுழற்றியும் முகர்ந்து பாருங்கள். பீச், ஆப்ரிகாட், எலுமிச்சைத் தோல், வெண்மலர்கள் ஆகியவற்றின் சாயல் வரும்; வாயில் கூரிய புளிப்பும், விழுங்கிய பின் மெல்லிய உப்புச் சுவையும் தங்கும். பாறையின் சுவை வேர் வழியே கோப்பைக்கு வருகிறது என்ற விற்பனைப் பேச்சை நான் நம்புவதில்லை. ஆனால் புளிப்புக்கு அந்த நிலத்தில் காரணம் உண்டு: அட்லாண்டிக் கடலின் மழையும் மிதமான வெயிலும் பழத்தின் அமிலத்தைக் காக்கின்றன, கருங்கல் தூண்கள் மேல் பந்தலாகக் கொடியைப் படரவிடுவதால் குலைகளுக்கு அடியிலும் காற்று புகுந்து, ஈரத்தில் அவை அழுகாமல் தப்புகின்றன.

வாங்கும்போது புட்டியில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். 1988இல் பிறப்பிடக் காப்புப் பெற்ற ரீயாஸ் பைஷாஸ் வட்டாரத்தின் பெயரோடு அல்பரீன்யோ என்றும் இருந்தால், அந்த ஒயின் முழுவதும் அந்த ஒரே திராட்சையால் ஆனது. ‘சோப்ரே லீயாஸ்’ என்றிருந்தால், நொதித்தலுக்குப் பின் ஈஸ்ட் வண்டலோடு வைத்திருந்த ஒயின். வாயில் கனம் கூடியிருக்கும். (ஆஸ்திரேலியாவில் அல்பரீன்யோ என்று நட்டு வளர்த்த கொடிகளில் பெரும்பாலானவை சாவன்யான் என்ற வேறொரு திராட்சை என்று 2009இல் மரபணுச் சோதனையில் தெரியவந்தது. சுவையை மட்டும் கொண்டு திராட்சையைச் சொல்லிவிடலாம் என்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.)

உணவுக்கு வருவோம். கலீசியர்கள் பேய்க்கணவாயை வேகவைத்துத் துண்டமாக நறுக்கி, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பும் ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த்தூளும் தூவும் ‘புல்போ ஆ ஃபெய்ரா’வுக்கு இந்த ஒயின் சரியான துணை, எண்ணெயின் வழவழப்பை அதன் புளிப்பு ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிடுகிறது. ஆனால் மிளகாய்த்தூள் காரமில்லாத இனிப்பு வகையாக இருக்கட்டும், காரத்தூள் கூடினால் ஆல்கஹாலின் எரிச்சல் முன்னுக்கு வரும். ஆவியில் வெந்த சிப்பி, பாறைகளில் ஒட்டி வளரும் பெர்செபெஸ் என்ற கடலுயிரி, வெண்ணெய்ப் பதமான தெதீயா பாலாடைக்கட்டி எல்லாமே ஒத்துப்போகும்.

இங்கே பலர் கவனிக்காதது எலுமிச்சை. சிப்பியின் மேல் தாராளமாகப் பிழிந்தபின் ஒரு மிடறு குடித்தால், உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மங்கச் செய்து, சற்று முன் துடிப்பாக இருந்த அதே ஒயின் தட்டையாகத் தோன்றும். பிழியாமல் ஒரு சிப்பியை ஒயினோடு உண்டு பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள். இனிப்புச் சாறு ஊற்றிய மீனுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அதன் அருகில் வறண்ட, அதாவது இனிப்பில்லாத, ஒயின் வெறும் புளியாகிவிடும்.

திறந்த புட்டியை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவது நல்லது. பிறகு பழமணம் போய், வெட்டி வைத்த ஆப்பிளின் வாடை வரத் தொடங்கும்.