ஒளி வீடாம், ஒளி வீடு!

சிங்கப்பூரின் புலாவ் சத்துமு தீவில் 1855 முதல் நிற்கும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கு ஒரு சுற்றுலாக் கையேட்டில் கிடைத்திருக்கும் பெயர், 'ராஃபிள்ஸ் ஒளி வீடு'. இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. அதனால்தான் இந்தப் புலம்பல்.

கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் குரல் கொடுத்து அழைத்தல். காக்கை கரைகிறதே, அதே கரைதல். கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கம் கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. விளக்கமா விளக்கா என்று கேட்டால், எனக்கு இரண்டும் சரி.

ஆனால் வீடு எங்கிருந்து வந்தது? ஆங்கில 'லைட்ஹவுஸை' இரண்டாக வெட்டி ஒட்டியதில் வந்தது. பெரும்பாணாற்றுப்படை, இரவில் தீ மூட்டிக் கலங்களை அழைத்த இடத்தை 'வேயா மாடம்' என்கிறது. கூரையே வேயாத மாடம், அப்புறம் ஏது வீடு?

"மலாயில் ரூமா ஆப்பி என்கிறார்களே, அதுவும் நெருப்பு வீடுதானே?" என்றார் நண்பர். சரி, அது அவர்கள் சொல். சீனத்தில் விளக்குக் கோபுரம் என்கிறார்கள். வீடு இல்லாமலே அவர்களுக்குக் காரியம் நடக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் வெளிச்சவீடு என்பார்கள். அது வாயில் புழங்கி ஊறிய சொல், அதனுடன் எனக்குச் சண்டையில்லை. 'ஒளி வீடு' யார் வாயிலும் இல்லாதது. அகராதியைக்கூடப் புரட்டாத மொழிபெயர்ப்பாளரின் மேசையில் பிறந்தது.

நண்பர் விடவில்லை. "பெட்ரா பிராங்கா தீவில் 1851 முதல் எரியும் ஹார்ஸ்பர்க் விளக்கு, பாறை இருக்கிறது, கிட்டே வராதே என்றல்லவா சொல்கிறது? அதுவா அழைப்பு?" நல்ல கேள்விதான். ஆனால் காக்கை சோற்றைக் கண்டாலும் கரையும், பூனையைக் கண்டாலும் கரையும். வா என்பதும் குரல்தான், விலகிப் போ என்பதும் குரல்தான். 'ஒளி வீடு' எந்தக் குரலும் கொடுக்காமல் சும்மா நிற்கிறது.

வீடு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மரின் பரேடுக்குப் போகலாம். அங்கே 25 மாடிக் குடியிருப்பின் உச்சியில் 1978 முதல் பிடோக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. கீழே நிஜமாகவே வீடுகள். துணி காய்கிறது, குழம்பு கொதிக்கிறது. கப்பல்காரன் பார்ப்பது என்னவோ மொட்டைமாடி விளக்கைத்தான்.