முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

இரவு நெடுஞ்சாலையில் முன்னே ஒரு கார் போகிறது. அதன் பின்விளக்குகள் எரியவில்லை. நம் ஹெட்லைட் ஒளி பட்டுச் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் மின்னும்போதுதான் அப்படி ஒரு வண்டி இருப்பதே தெரிகிறது. 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 28 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு அது மிகவும் தாமதமான தகவல். ஆனால் அந்தக் காரை ஓட்டுபவரோ எல்லா விளக்கும் எரிவதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். கனடாவில் இத்தகைய கார்களைப் பேய் வண்டி என்கிறார்கள். ஓட்டுநரின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவரை ஏமாற்றுவது வண்டியின் அமைப்புதான்.

பழைய கார்களில் வேகம் காட்டும் மீட்டருக்குப் பின்னாலிருந்த குட்டி பல்புகளும் வெளிவிளக்குகளும் ஒரே சுவிட்சில் எரிந்தன. ஹெட்லைட் போட மறந்தால் வேகமுள்ளும் தெரியாது. கை தானாகவே சுவிட்சைத் தேடிப் போகும். யாரும் திட்டமிட்டு வைத்த எச்சரிக்கை மணி அல்ல அது, ஆனாலும் அருமையாக வேலை செய்தது. இன்று மீட்டர் என்பது ஒரு திரை. வண்டியைக் கிளப்பியதுமே, பகலோ இரவோ, அது பளிச்சென்று ஒளிரும்.

இதோடு பகல் விளக்கும், அதாவது வண்டி ஓடும்போது பகலிலும் தானாக எரியும் முன்விளக்கும், சேர்ந்துகொண்டது. எதிரே வருபவர் கண்ணில் பகலிலும் கார் படவேண்டும் என்பதற்காக 1989 டிசம்பரிலிருந்து கனடா இதைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாக்கியது. வட அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டே குறைந்த மின்சாரத்தில் பகல் விளக்காக எரியும். எனவே இரவிலும் முன்சாலையில் ஓரளவு வெளிச்சம் விழுகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சிவெயில் 1,00,000 லக்ஸ் என்றால், தெருவிளக்கு தருவது பத்து இருபது லக்ஸ்தான். அந்தக் கொஞ்ச ஒளிக்கே பழகிக்கொள்ளும் நம் கண், எதுவும் குறைவதாக உணர்வதில்லை. பகல் விளக்கோடு பின்விளக்கும் எரியவேண்டும் என்று பழைய விதிகள் கேட்கவில்லை.

தானியங்கி விளக்கு இதற்கெல்லாம் நல்ல மருந்துதான். முன்கண்ணாடியை ஒட்டியிருக்கும் ஒளி சென்சாரில், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் போட்டோடயோடு ஒன்று இருக்கும். அதில் விழும் ஒளி குறையக் குறைய அது தரும் மின்னோட்டமும் குறையும். வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் கீழே இறங்கினால் 2 விநாடிக்குள் ஹெட்லைட் எரியவேண்டும் என்கிறது ஐ.நா. வாகன விதி. 7,000 லக்ஸைத் தாண்டினால் அணையவேண்டும். அதுவும் குறைந்தது 5 விநாடி பொறுத்து. இந்த இரு எல்லைகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி விட்டிருப்பதால்தான் மரநிழலில் போகும்போது விளக்கு எரிந்து எரிந்து அணைவதில்லை.

ஆனால் விளக்கு சுவிட்சின் திருகு ‘ஆட்டோ’வில் இருந்தால்தான் இத்தனையும் நடக்கும். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் யாராவது திருகியிருக்கலாம், வைப்பரைப் போடும்போது நம் கையே தட்டியிருக்கலாம். மாதக்கணக்கில் தொடாத சுவிட்சைப் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை.

திருகு சரியாக இருந்தாலும் பகல் நேர மூடுபனியில் சென்சார் தவறிவிடும். நீர்த்துளிகள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் மூடுபனி வெள்ளையாக, பிரகாசமாக இருக்கிறது. சென்சார் அளப்பது வெளிச்சத்தை மட்டுமே, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை அல்ல. அப்போது விளக்கை நாமே போடவேண்டும்.

கனடா இந்தச் சிக்கலைச் சட்டத்தில் சரிசெய்தது. 2021 செப்டம்பர் முதல் தயாராகும் கார்களுக்கு மூன்று வழிகள்: பகல் விளக்கோடு பின்விளக்கும் எரியவேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரியவேண்டும், அல்லது விளக்கு போடும்வரை மீட்டர் இருட்டாக இருக்கவேண்டும். மூன்றாவது வழி பழைய கார்களின் பாடத்தையே திரும்பக் கொண்டுவருகிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அதற்கு முந்தைய கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றை ஓட்டுபவர்கள், மாலையில் கிளம்பும்போது மீட்டரில் பச்சை நிற விளக்குக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான கார்களில் பகல் விளக்கு மட்டும் எரியும்போது அந்தக் குறி வராது.