அந்தப் பக்கத்தை ஏன் கிழித்தீர்கள்?

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை சென்னை ராயபுரம் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். மறுநாள் வந்த 36 நோட்டுகளில் 29 ஒரே மாதிரி தொடங்கின: "தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் புறப்பட்டது." தப்பில்லை, சரியான தகவல்தான். ஆனால் பாதி நோட்டில் அம்மா கையெழுத்து, மீதியில் அக்கா கையெழுத்து.

ஒரு பெண், நடைமேடையில் உட்கார்ந்து பென்சிலில் எழுதியதை நானே எட்டிப் பார்த்தேன். "ஒரு ஆயா மீன் கூடை வெச்சிகினு உக்காந்திருந்தாங்க. தூண் ரொம்ப ஒசரம். இம்மாம் பெரிய ஸ்டேஷன் எதுக்கு கட்னாங்க? அப்போ யாரு ட்ரெயின்ல போனாங்க?" அந்தப் பக்கம் வீட்டில் கிழிக்கப்பட்டிருந்தது. பின் மாட்டிய இடத்தில் காகித நார் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, அடுத்த பக்கத்தில் அழகான கையெழுத்தில் 1856.

இத்தனை வருடம் சமூக அறிவியல் நடத்துகிறேன், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிழையில்லாமல் எழுதினால்தான் எழுத்து என்று யார் சொன்னது? வருஷத்தை எழுதினால் வரலாறு வந்துவிடும் என்று யார் சொன்னது? வருஷம் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு வெயிலில் நடக்க வேண்டாம். "எதுக்கு கட்னாங்க" என்று அந்தப் பிள்ளை கேட்டதுதான் வரலாறு. அதைப் பிடித்துக்கொண்டுதான் துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் கம்பெனிக்காரர்களின் சரக்குக்கும் போக முடியும். "வெச்சிகினு" என்பதை அப்புறம் திருத்திக்கொள்ளலாம், கேள்வியைக் கிழித்துவிட்டால் திரும்ப வராது.

குடிமையியலும் அப்படித்தான். தெருவில் நிறுத்தி, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது என்று இரண்டு மூடிகளையும் காட்டினால் போதும், உள்ளாட்சிப் பாடம் பாதி முடிந்தது. எரியாத தெருவிளக்கைப் பற்றி வார்டு அலுவலகத்துக்குப் பிள்ளைகளே கடிதம் எழுதட்டும். மாநகராட்சியின் புகார் எண் 1913. மாநகராட்சியின் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை திறந்ததும் 1913இல்தான், இப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டையும் மறப்பதில்லை.

சக ஆசிரியர்களுக்கு: ஒரு நாளில் ஒரே இடம். ஐந்து இடம் சுற்றினால் அது டூர். முந்தைய நாள் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள், கழிப்பறை எங்கே என்று முதலில் பாருங்கள், பெண்பிள்ளைகள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கன்டெய்னர் லாரி ஓடும் சாலையை 36 பேரோடு கடக்காதீர்கள், சுற்றிப் போனாலும் பரவாயில்லை. அங்கேயே இருபது நிமிடம் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். அப்போது போன் வேண்டாம், உங்கள் போனும் சேர்த்துத்தான். அன்றைக்குச் சிவப்பு மையைத் தொடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எழுதிக் கொடுக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள். அடுத்த மாதம் பெரம்பூர் போகிறோம். 1918இல் தொழிற்சங்கத் தலைவர்கள் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது அந்தப் பகுதி மில் தொழிலாளர்களுக்காகத்தான். அங்கே இருந்த பின்னி துணி மில் 1996இல் மூடியது, அதில் வேலை பார்த்த தாத்தாக்கள் நம் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுவார்கள், சம்பளம் எப்படிக் கொடுத்தார்கள், பிள்ளை கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். அது எழுதுகிறபடி எழுதட்டும்.

நோட்டை இந்த முறை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். வகுப்பு பீரோவில் இருக்கும், எந்த நாள் மாலையிலும் வந்து உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.